மணலைத் தொட்ட மட்டை

“ரெண்டு இஞ்சா மூணு இஞ்சா? ஒரு தீருமானம் சொல்லும் சிஸ்டரே. அறுத்துப் போட்டா பின்ன ஒட்டுக வித்தை எனக்க கையில இல்ல.”

ராஜப்பன் ரம்பத்தை இரும்புத் தண்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். உதியன்குளங்கரை முக்கில் அவன் வைத்திருந்தது ஜன்னல் கம்பியும் சைக்கிள் ஹேண்டிலும் அறுக்கிற பட்டறை. கோல்ஃப் மட்டை ஒன்று அங்கே வந்து வைஸ் இடுக்கியில் மாட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

“ரெண்டு,” என்றாள் ஜேனட். ரம்பம் அசையப்போன நேரம் பார்த்து, “நில்லுங்க, நில்லுங்க. ரெண்டே கால்.”

“கால் இஞ்சில என்ன கவிழப் போவுது? ஒரு கம்பு.”

“கம்பு இல்ல, மட்டை. பிடிக்குத பக்கமாக்கும் அறுக்கணும், தலைப் பக்கம் இல்ல. ரப்பரைக் கிழிச்சிராதீங்க.”

“ஆஸ்பத்திரில நீங்க ஊசி போடும்ப நான் பக்கத்தில நின்னு சொல்லித் தாறேனா? கண்ணை மூடிக்கிட்டு நில்லும்.”

அவள் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். ரம்பம் இரும்பைக் கடிக்கிற சத்தம் பல்லுக்குள் ஏறியது. துண்டு தரையில் விழுந்து உருண்டபோது, இனி திரும்பிப் போக வழியில்லை என்று தோன்றியது.

அந்த மட்டைகள் அவளுக்காகச் செய்தவை இல்லை. பஹ்ரைனில் ஒரு எண்ணெய்க் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள் ஜேனட். அங்கே தென்னை மாதிரி வளர்ந்த ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், ஊருக்குத் திரும்புகிறபோது தன் பழைய மட்டைகளில் ஐந்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜேனட்டோ ஐந்தடியைத் தொடாதவள். அவள் கையில் அந்த மட்டை நின்றால் அதன் தலை நுனி வானத்தைப் பார்க்கும், பந்து இடது பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். நுனியை இறக்க வேண்டும் என்று பிடியில் பாதி தூரம் கீழே இறங்கிப் பிடிப்பாள். மிச்சப் பிடி ஒவ்வொரு வீச்சிலும் வயிற்றில் இடிக்கும். இப்படியே எத்தனையோ வருஷம் ஒப்பேற்றிவிட்டாள். இனி ஒப்பேற்ற முடியாது.

ஏனென்றால் பரீட்சை வந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து டிசம்பர் அது. திருவனந்தபுரத்தில் ஒரு கிளப் இருந்தது. ஒன்பது குழி, சுற்றிலும் மரம், நல்ல பச்சைப் புல். புது வருஷத்திலிருந்து வெளி ஆட்களைச் சேர்ப்பதில்லை என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கேட்டுவைத்தவர்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் பரீட்சை. பந்தை மொத்தம் அறுபது தடவைக்குள் அடித்து ஒன்பது குழியையும் முடித்தால் வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், வந்து விளையாடலாம். அறுபத்தொன்று என்றால் வாசலோடு சரி. வேறு மைதானம் தேட வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும்.

அவளுக்கு ஏன் இப்படி ஒரு கிறுக்கு என்று அவள் குடியிருந்த கடற்கரை ஊரான பொழியூரில் யாருக்கும் விளங்கவில்லை. தீப்புண் வார்டில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு விடிகாலையில் பாலைவனத்துக்குப் போய் ஒரு பந்தை அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். பந்து மட்டையின் நடுவில் சரியாகப் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு சின்ன ‘டக்’. அவ்வளவுதான். பந்து போய்க்கொண்டே இருக்கும். நூறு அடியில் ஒன்றுதான் அப்படி வாய்க்கும். அந்த ஒன்றுக்காக மிச்சத் தொண்ணூற்றொன்பதையும் அடித்துக்கொண்டிருப்பாள்.

அறுத்த மட்டைகளோடு அன்று சாயங்காலமே கடற்கரைக்குப் போனாள். பொழியூர்க் கடற்கரையில் அவள் புருஷன் சகாயதாஸ் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். ஜேனட் எப்போதும்போல் தன் பச்சைப் பாயை, முழங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புல்பாய், மணலில் விரித்துப் பந்தை வைத்து வீசினாள்.

மட்டை காற்றில் போன இடம் கைக்குத் தெரியவில்லை. பந்து வலது பக்கமாகச் சரிந்து அலையில் விழுந்தது. இன்னொன்று. அதுவும் வலது பக்கம்.

“என்ன பிள்ளே, குழிப்பந்து குளிக்கப் போவுதா?” என்றான் சகாயதாஸ்.

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கல்ல. பந்துக்கு சளி பிடிக்குமேன்னு கேட்டேன்.”

“தலைக்க கனமே தெரியல்ல. வெறும் குச்சியை வீசுக மாதிரி இருக்கு. அறுத்தது தப்பாப் போச்சு. எல்லாத்தையும் நாசமாக்கிட்டேன்.” அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் பரீட்சை, கையில் இருப்பது ஐந்து குச்சி.

அவன் ஊசியைக் கீழே வைத்தான். “கனம் வேணும்னா கனம் வைக்கப்பிடாதா?”

சட்டென்று அவளுக்கு ஞாபகம் வந்தது. “அங்க பெரிய ஆட்டக்காரங்க தலைக்குப் பின்னால ஈயத் தகடு ஒட்டுவாங்க. அதுக்குன்னே கடையில கிட்டும். இங்க எங்க போய்க் கேக்க?”

சகாயதாஸ் தன் மடியில் கிடந்த வலையைப் பார்த்தான். அதன் அடிக்கயிறு முழுக்க ஈயக்குண்டு. “ஈயத்துக்கா பஞ்சம்? நீ கேட்ட இடம் பாரு.”

கிழிந்துபோன பழைய வலையிலிருந்து நாலைந்து குண்டை அறுத்தெடுத்து, கல்லில் வைத்துத் தட்டித் தகடாக்கினான். கறுப்பு டேப் வைத்து முதலில் ஏழாம் நம்பர் மட்டையின் முதுகில் ஒட்டினார்கள். அவள் வீசினாள். கூடிப்போச்சு என்றாள். கத்தியால் ஒரு ஓரம் சீவினான். இப்போது குறைவு என்றாள். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி இருட்டுகிற வரைக்கும் சீவியும் ஒட்டியும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பந்து ‘டக்’ என்று போனது. நேராக.

“போச்சு!” என்று கத்தினாள் ஜேனட்.

“போச்சுன்னா நல்லதா கெட்டதா?”

“நல்லது! நல்லதாக்கும்!”

மற்ற நாலுக்கும் அப்படியே ஈயம் ஒட்டியதும் மட்டை சரியாகிவிட்டது. ஆனால் பிரச்சினை மட்டையில் இல்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

பரீட்சையன்று கூடவே நடந்து அடிகளை எண்ணப்போகிறவர் விமலகுமாரி. நெய்யாற்றின்கரையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது தலைநகரில் எஞ்சினியர், கிளப்பில் பழைய ஆள். மைதானத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜேனட்டை வரச் சொல்லியிருந்தார். ஜேனட் பையைத் தோளில் மாட்டி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

“இது என்ன, ஜெபத்துக்கா?” என்று கேட்டார் விமலகுமாரி.

“பந்து வைக்க மேடம். புல்லு கெட்டுப்போவாம இருக்க.”

விமலகுமாரி சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “இங்க பாய் கிடையாது ஜேனட். முதல் அடியில மட்டும் பந்தைக் குச்சியில ஏத்தி வைக்கலாம். பின்ன அது எங்க கெடக்கோ, அங்கேருந்தே அடிக்கணும்.”

பஹ்ரைனில் அவள் விளையாடியது முழுக்க மணல். புல்லே கிடையாது. அதனால் அங்கே ஆளுக்கு ஒரு துண்டுப் பாய், பந்து விழுந்த இடத்தில் விரித்து அதன் மேல் வைத்து அடிப்பது சட்டம். மற்ற ஊரில் புல் உண்டு என்று அவளுக்குத் தெரியாதா என்ன, டி.வி.யில் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பாய் தன் கைக்கு என்ன செய்திருக்கிறது என்று யோசித்ததே இல்லை. பாயில் மட்டை இரண்டு விரல் பின்னால் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தொட்டுவிடும். தப்பு தெரியாது. புல்லில் அதே வீச்சு விழுந்தால் மட்டை மண்ணில் குத்தி நிற்கும்.

குத்தித்தான் நின்றது. ஓரமாக ஒரு பந்தை வைத்து அடித்துப் பார்த்தாள். புல் கட்டியாகப் பெயர்ந்து முன்னால் போய் விழுந்தது. பந்து ஒரு முழம் உருண்டது. இத்தனை வருஷத்தில் பாய் இல்லாமல் தரையிலிருந்து அவள் அடித்த முதல் அடி அது.

“முதல்ல பந்து, பின்ன தரை,” என்றார் விமலகுமாரி. “கனம் இடது காலுக்கு வரணும், கை மட்டைக்கு முன்னால போவணும். தரையில ஒரு கோடு போட்டுப் பாருங்க. மட்டை கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் தொடணும்.”

“எட்டு நாளாக்கும் உண்டு மேடம்.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார் அவர்.

எட்டு நாளும் ஜேனட் கடற்கரையில் கிடந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவுடன் புடவையைக்கூட மாற்றாமல் ஓடுவாள். ஈர மணலில் கால் பெருவிரலால் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் மட்டையை லேசாக அழுத்தி வைப்பாள், மணலின் உறுதி மணிக்கட்டுக்குத் தெரிகிற வரைக்கும். பிறகு ஓங்குவாள். மட்டை கோட்டுக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று குனிந்து பார்த்த கையோடு அலை வந்து கோட்டையும் தழும்பையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். அந்த வருஷம் கடல் வேறு கரையை நிறையத் தின்றிருந்தது. நிற்க இடமே கொஞ்சம்தான்.

“எலே சகாயம்,” என்று பக்கத்து வள்ளத்துக்காரன் கூப்பிட்டான், “ஒனக்க வீட்டுக்காரி கடலுக்கு எல்லைக்கல்லு போடுதாளா?”

“ஆமாலே. நாளையிலேருந்து அந்தப் பக்கம் போவணும்னா அவகிட்ட பாஸ் வாங்கணும்.”

முதல் மூன்று நாள் தழும்பு எல்லாம் கோட்டுக்குப் பின்னால். நாலாம் நாள் கோட்டின் மேலேயே. கையில் கொப்புளம் உடைந்து டேப் சுற்றிக்கொண்டாள். ஆறாம் நாள் முதல் தடவையாக மணல் கோட்டுக்கு முன்னால் சிதறியது. அவள் சத்தம் போடவில்லை. போட்டால் போய்விடும் என்று பயம்.

பரீட்சையன்று சகாயதாஸ் கடலுக்குப் போகவில்லை. பையைச் சுமந்துகொண்டு கிளப் வாசல் வரைக்கும் வந்தான். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் மரத்தடியில் நின்றுகொண்டான். “பைய அடி பிள்ளே. பந்து எங்கயும் ஓடிப் போவாது.”

“ஓடிப் போவணும்னாக்கும் அடிக்கது,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

முதல் குழி ஒன்பது அடி. இரண்டு தடவை மட்டை மண்ணில் குத்தியது. விமலகுமாரி எண்ணைக் குறித்தார். இரண்டாவது குழியில் ஜேனட் மனசுக்குள் ஒரு கோடு போட்டாள். கோடு, பந்து, அதற்கப்புறம்தான் தரை. மட்டை இறங்கியது. பந்து எழுந்தது, அதன் பின்னால் ஒரு சின்னப் புல்துண்டு பறந்தது. சரியான வரிசை! அப்புறம் ஆறு, ஆறு, ஐந்து, ஏழு என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். எட்டுக் குழி முடிந்தபோது ஐம்பத்து மூன்று.

கடைசிக் குழிக்கு ஏழு அடி மிச்சம். அது மூன்று அடியில் குழிக்குப் பக்கத்தில் போய்ச் சேருகிற தூரம். தாராளம். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவதும் மோசமில்லை. மூன்றாவதில் அவசரப்பட்டாள். பந்து வலது பக்கம் சாய்ந்து, குழியைச் சுற்றிய பச்சைக்கு முன்னால் வெட்டி வைத்திருந்த மணல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஐம்பத்தாறு.

உள்ளுக்குள் அவள் சந்தோஷப்பட்டாள். மணல்! பிறந்ததிலிருந்து மணலில் நிற்கிறவள். இதில் என்ன பயம்?

பள்ளத்தில் இறங்கினாள். பந்து மேட்டுச் சரிவில் கிடந்தது. இடது காலை மேலே ஊன்றி வலது காலைக் கீழே வைக்க வேண்டும். காய்ந்த மணல். வலது கால் சரிந்து கொஞ்சம் இறங்கியது. அந்த நொடியிலேயே அவள் மட்டை கீழே வந்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால் மணலில் லேசாக அழுத்தி உட்கார்ந்தது.

அது தப்பு என்று உடனே தெரிந்தது.

மணல் பள்ளத்தில் அடிப்பதற்கு முன்னால் மட்டை மணலைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு அடி தண்டம். அங்கே பாலைவனத்தில் எல்லாமே மணல் என்பதால் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. இங்கே உண்டு. போன வாரம்தான் விமலகுமாரி கொடுத்த புத்தகத்தில் படித்திருந்தாள். மட்டையைத் தூக்கினாள். மணலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. நிமிர்ந்து பார்த்தாள். விமலகுமாரி அந்தப் பக்கம் திரும்பி, குழியில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

“மேடம்,” என்றாள் ஜேனட். “மட்டை மணலைத் தொட்டுட்டுது.”

விமலகுமாரி திரும்பினார். தழும்பை வந்து பார்த்தார். அவளையும் பார்த்தார். “நான் காணல்ல. முதல்ல ஆடி முடிங்க. பின்ன பேசுவோம்.”

தண்டம் சேர்ந்தால் ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டே அடியில் பந்து குழிக்குள் போயாக வேண்டும். ஜேனட் மட்டையைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு ஓங்கினாள். மணல் விசிறியாக எழும்பியது, அதற்குள்ளிருந்து பந்து மெல்ல மிதந்து வந்து பச்சையில் விழுந்து, ஊர்ந்து ஊர்ந்து, குழிக்கு இரண்டு எட்டு வைக்கிற தூரத்தில் நின்றது. அவள் வாழ்நாளில் மணலிலிருந்து அடித்ததிலேயே நல்ல அடி அதுதான்.

இன்னும் ஒன்று போனால் போதும். குனிந்து சரிவைப் பார்த்தாள். தட்டினாள். பந்து நேராக ஓடி, குழியின் விளிம்பைத் தடவி, அந்தப் பக்கம் ஒரு சாண் போய் நின்றது. அதையும் தட்டிப் போட்டாள்.

தண்டம் இல்லையென்றால் ஐம்பத்தொன்பது. உண்டென்றால் அறுபத்தொன்று.

விமலகுமாரி பேனாவை மூடியில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். “கேளுங்க ஜேனட். சட்டத்தில ஒரு காரியம் உண்டு. கால் வழுக்கி, விழாம இருக்க மட்டையை ஊனியிருந்தா தண்டம் இல்ல. வலது கால் சரிஞ்ச அடையாளமும் அங்க கெடக்கு. நான் காணல்ல, அதனால நான் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும். வழுக்கினதா?”

கால் வழுக்கியது உண்மை. அதில் பொய்யே இல்லை. வழுக்கிய அதே நொடியில்தான் மட்டை இறங்கியது, அதிலும் பொய் இல்லை. ‘ஆமா’ என்று ஒரு சொல். வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு ஆள் காலையிலிருந்து நிற்கிறான். புதன்கிழமையும் சனிக்கிழமையும் இந்தப் புல்லில் நடக்கலாம். ஜேனட் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அது விழப்போனவள் பதறி ஊன்றின மாதிரி ஊன்றியதா? இல்லை, எட்டு நாளாகக் கோட்டுக்குப் பின்னால் அழுத்தி அழுத்திப் பழகின மாதிரி, மணலின் உறுதி தெரிகிற வரைக்கும் மெல்ல அழுத்தியதா?

“கால் வழுக்கினது உண்டு மேடம்,” என்றாள். “ஆனா நான் ஊனினது அதுக்கில்ல. பழக்கத்தில வச்சதாக்கும்.”

“ஒறப்பா?”

“கைக்குத் தெரியும்.”

விமலகுமாரி அறுபத்தொன்று என்று எழுதினார். “எனக்கு சங்கடம் உண்டு,” என்றார். “ஆனா இதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல.” அவ்வளவுதான். தோளில் தட்டவும் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லவும் இல்லை.

வாசலில் சகாயதாஸ் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். பையை வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வெடித்தான்.

“கால் வழுக்கினது உண்டா இல்லியா?”

“உண்டு.”

“அந்த நேரத்திலதானே மட்டை கீழ வந்தது?”

“ஆமா.”

“பின்ன அது வழுக்கினதில்லாம என்ன? அந்தம்மா வாசலைத் தெறந்து பிடிச்சிட்டு நிக்கா, நீ உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுட்டு வாறியே பிள்ளே!”

“கால் வழுக்கல்லேன்னாலும் நான் வச்சிருப்பேன்.”

“வச்சிருப்பேன்னு சொல்லுதது கணக்கா? நடந்ததல்லவா கணக்கு? வள்ளத்தில அலையடிக்கும்ப நான் துடுப்பை ஊனுவேன். பழக்கமும் அதுதான், விழாம இருக்கதும் அதுதான். ரெண்டையும் எப்பிடிப் பிரிப்ப?”

பாறசாலை பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகும், பாலராமபுரம் தாண்டிய பிறகும், அவள் வலது கை மடியில் கிடந்து மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். அவன் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. தான் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை.

இரண்டு பேரும் இன்றைக்கும் அதே சண்டையில்தான் இருக்கிறார்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன், சட்டென்று சொல்லுங்கள்: சரிகிற மணலில் ஒரு கால், கையில் எட்டு நாள் பழக்கம், ஒரே நொடி. அந்த மட்டை இறங்கியது வழுக்கலாலா, பழக்கத்தாலா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?